படகுக் குடித்தனமும் நம்ம வீட்டுப் பேரேடும்

இந்தியக் கடற்படையைச் சேர்ந்த தில்னா, ரூபா என்ற இரண்டு அதிகாரிகள் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் இருந்து 'தாரிணி' என்கிற 56 அடி பாய்மரப் படகில் கிளம்பினார்கள். உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு 2025 மே 29 அன்று கோவாவுக்கே வந்து சேர்ந்தார்கள். 238 நாட்கள், 25,400 கடல் மைல். நம்ம கணக்கில் சுமார் 47,000 கிலோமீட்டர். தில்னாவுக்குச் சொந்த ஊர் கோழிக்கோடு, ரூபாவுக்குப் புதுச்சேரி. அதனால் இங்கே திருவனந்தபுரத்தில் எங்க ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் பெருமையை ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டோம். பாதி மலையாள நண்பர்களுக்கு, பாதி அடியேனுக்கு.

மேசையில் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பேடி ஆயில்லே?" பயமா இல்லையா அவங்களுக்கு?

எனக்கு வேற கேள்வி. தண்ணிக்கு என்ன பண்ணினாங்க? காஸ் தீர்ந்தா? யார் சமைச்சது, யார் தூங்கினது, குப்பையை எங்கே வெச்சாங்க? பி.காம் படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் பேரேடு பார்க்கிறவனுக்கு வேற எப்படிக் கேள்வி வரும், சொல்லுங்க! ஆனால் தில்னா கடற்படையில் லாஜிஸ்டிக்ஸ் பிரிவு அதிகாரி என்று படித்தபோது, நம்ம கேள்வி ஒன்றும் அசட்டுக் கேள்வி இல்லை என்று தோன்றியது. சாமான், இருப்பு, செலவு, மிச்சம் எல்லாம் பார்க்கிற பிரிவு அது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதுதான். படகில் குடித்தனம் நடத்துவதைச் சாகசம் என்று மட்டும் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனால், நமக்கு ஆக வேண்டிய பாடத்தைக் கடலிலேயே விட்டுவிடுவோம். ஊரை விட்டு வந்து, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மூட்டை கட்டுகிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தப் பாடம் ரொம்பவே வேண்டும்.

முதலில் தண்ணீர். கோவாவில் கிளம்பிய தாரிணி ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் போய்ச் சேர 38 நாள் ஆனது. நான் ஒரு துண்டுச்சீட்டில் போட்ட கணக்கு இது (என் கணக்குதான், அவங்க கணக்கு இல்லை). குடிக்க, சமைக்க ஆளுக்கு நாளுக்கு 3 லிட்டர் என்றால், 2 பேருக்கு 38 நாளுக்கு 228 லிட்டர். வழியில் காற்று விழுந்து தாமதமானால்? தொட்டி ஓட்டையானால்? அதற்காகப் பாதி சேர்த்துக் கொண்டால் 342 லிட்டர். இப்போ நம்ம வீட்டுக்கு வாங்க. நகரத்து வீட்டுக்கு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 540. அவங்க கடலைத் தாண்டுவதற்கான குடிதண்ணி, நம்ம வீட்டில் ஒரு நாளைக்கே பத்தாது!

நீண்ட தூரம் போகிற படகுகளில் கடல்நீரைக் குடிநீராக்கும் சின்ன இயந்திரம் உண்டு. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு வெயிலோ காற்றோ டீசலோ வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இழுக்கும். அதனால் இயந்திரம் இருந்தாலும் தொட்டித் தண்ணியை யாரும் ஊதாரித்தனமாகத் தொடமாட்டார்கள். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி. துணிக்கும் அதே கதை. ஏனென்றால் உப்பு ஏறிய துணி காயவே காயாது. உப்பு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மழை வந்தால் பாயில் வழிகிற தண்ணியைப் பிடித்து வைப்பார்கள். 1968-69இல் நம்ம பம்பாயில் கட்டிய 'சுஹைலி' படகில் 312 நாள் எங்கேயும் நிற்காமல் தனியாக உலகம் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குத் தொட்டித் தண்ணி கெட்டுப் போய்விட்டது. மிச்சப் பயணத்துக்குக் கைகொடுத்தது மழைதான்.

"அதெல்லாம் கடல்ல, நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கொசுவத்தி. 2024 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் குழாய் மாற்றும் வேலை இழுத்துக்கொண்டு போய், நகரத்தின் பெரும்பகுதிக்குச் சில நாள் தண்ணி இல்லை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊர் இது! கரமனையில் எங்க தெருவில் முதல் நாள் எல்லாரும் குழாயைத் திறந்து திறந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள்தான், கையில் எத்தனை குடம் இருக்கிறது, எதற்கு எவ்வளவு என்று எண்ண ஆரம்பித்தார்கள். படகில் இருப்பவர்கள் அந்த இரண்டாம் நாளில் இருந்து ஆரம்பிக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்து அடுப்பு. படகு சாய்ந்தாலும் அடுப்பு மட்டம் மாறாமல் இருக்க, அதை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். நம்ம பிரஷர் குக்கருக்குப் படகில் ராஜ மரியாதை. மூடி பூட்டிக்கொள்ளும், கவிழ்ந்தாலும் கொதிக்கிற குழம்பு மேலே கொட்டாது. காஸும் மிச்சம், தண்ணியும் மிச்சம். காஸ் சிலிண்டரை (இங்கே குற்றி என்பார்கள்) தனிப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டிக்கு வெளியே கடல் பக்கம் துவாரம் விடுவார்கள். எல்பிஜி காற்றைவிட கனம். கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். அதனால் சமையல் முடிந்ததும் சிலிண்டர் வாயிலேயே மூடிவிடுவது அங்கே கட்டாயப் பழக்கம். நம்ம வீட்டில் எத்தனை பேர் ராத்திரி ரெகுலேட்டரை மூடுகிறோம்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

அட்டைப்பெட்டியைப் படகுக்குள்ளேயே விடமாட்டார்கள். கடையிலேயே பிரித்துப் போட்டுவிடுவார்கள், மடிப்புக்குள் கரப்பான் முட்டை வரும் என்று. தகரடப்பாவில் ஒட்டிய காகிதம் ஈரத்தில் உரிந்துவிடும் என்பதால் அழியாத பேனாவால் மேலேயே எழுதுவார்கள். இல்லாவிட்டால் பட்டாணி என்று திறந்தால் பழம் இருக்கும்! எந்தச் சாமான் எந்தப் பலகைக்கு அடியில் என்று ஒரு நோட்டு உண்டு. எடுக்க எடுக்க அடித்துக்கொண்டே வர வேண்டும். பிளாஸ்டிக் குப்பையைக் கடலில் எங்கேயும் போடக்கூடாது என்பது சர்வதேசச் சட்டம். ஆகவே அது அடுத்த துறைமுகம் வரை கூடவே வரும். வாங்கும்போதே குப்பையைக் கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் சொன்னதும் எங்க ஆபீஸ் நண்பர் ஒருவர், விஆர்எஸ் வாங்கி ஒரு படகு வாங்கிடலாம் சாரே என்று கண்ணில் கனவோடு சொன்னார். வங்கிக்காரனாகப் பதில் சொன்னேன். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்களே சொல்கிற தோராயக் கணக்கு. படகை வருஷத்துக்கு ஒரு தடவையாவது கரையேற்றி அடிப்பாகத்தில் ஒட்டின சிப்பியைச் சுரண்டி வர்ணம் அடிக்க வேண்டும். படகு கட்டி நிறுத்தக் கேரளாவில் கொச்சி போல்காட்டியில் ஒரு மரீனா இருக்கிறது, ஆனால் நம்ம கடற்கரை நீளத்துக்கு இப்படிப்பட்ட இடங்கள் ரொம்பக் குறைவு. அதையெல்லாம் விடுங்க, கேஒய்சிக்கு எந்த முகவரி கொடுப்பீங்க? ரிஸ்க் குறைந்த வாடிக்கையாளர் என்றாலும் 10 வருஷத்துக்கு ஒரு தடவை விவரத்தைப் புதுப்பித்தே ஆக வேண்டும். "அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்கலாமா?" என்று கேட்டார். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகள் பாவம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஆக, படகு வாங்கச் சொல்லவில்லை. படகுக்காரர்களின் நோட்டைத்தான் பார்க்கச் சொல்கிறேன். அதில் மூன்று விஷயம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1) மிச்சம் என்பது செலவில் ஒரு பகுதி.

படகுக்காரர்களிடம் எரிபொருளுக்கு ஒரு வழக்கம் உண்டு. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, தொடாமல் வைக்க ஒரு பங்கு. செலவு போக மிஞ்சினால் மிச்சம் என்பதே கிடையாது. மிச்சத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் பயணத்தையே திட்டமிடுவார்கள். வங்கிகளையும் சிஆர்ஆர், எஸ்எல்ஆர் என்று ரிசர்வ் வங்கி அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறது. ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம். சொந்த ஊரில் அவசரம் என்றால் அத்தை வீடு, சித்தப்பா வீடு, அண்ணாச்சி கடைக் கணக்கு எல்லாம் உண்டு. அதுதான் அங்கே நம்ம கையிருப்பு. இங்கே அது கிடையாது. அப்படி இருக்க, மாசக் கடைசியில் துடைத்துவைத்த கணக்கோடு நிற்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

2) எண்ணுகிற வேலையும் ஒரு வேலை. அது ஒரே ஆள் தலையில் இருக்கக்கூடாது.

இரண்டு பேர் படகில் ஒருவர் தூங்கும்போது ஒருவர் காவல். மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வார்கள். தொடுவானத்தில் புள்ளியாகத் தெரிகிற கப்பல் 20 நிமிஷத்தில் மேலேயே வந்துவிடலாம் என்பதால் காவல் இல்லாத நேரமே கிடையாது. அதனால் எந்த வேலையும் "அது அவங்க டிபார்ட்மென்ட்" என்று இருக்க முடியாது. பாய் தைப்பது, சமைப்பது, பம்பு கழற்றுவது, தண்ணி அளப்பது எல்லாம் இருவருக்கும் தெரிந்தாக வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்றவர்தான் முழுப் படகும்.

நம்ம வீட்டில்? "நான் சம்பாதிக்கிறேன், நீ வீட்டைப் பாத்துக்கோ" என்று ஒரு ஒப்பந்தம். காஸ் எப்போ புக் பண்ணணும், பால் கணக்கு, மாமனாரின் பிரஷர் மாத்திரை எத்தனை பாக்கி, பையனின் பள்ளிக்கூடக் கட்டணம் எந்தத் தேதி எல்லாம் ஒரு ஆள் தலைக்குள். வங்கிக் கணக்கு, பாலிசி, கடவுச்சொல் எல்லாம் இன்னொரு ஆள் தலைக்குள். ஒருத்தர் தலையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. சமைப்பதையாவது வேலை என்று ஒப்புக்கொள்கிறோம். சாமான் தீரும் முன்னே தீரப்போகிறது என்று நினைவு வைத்துக்கொள்வதை வேலை என்றே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பெண்கள் உலகத்தைச் சுற்றி வந்தது பெருமைதான். அவர்கள் எண்ணியபடி எண்ணிக்கொண்டு நம்ம அம்மாக்கள் குடும்பம் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பெருமைப்பட்டால்தான் நியாயம்.

எங்க வீட்டில் தங்கமணியின் ஏற்பாட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. குளிர்பெட்டி மேலேயே இருக்கும், யார் எதை எடுத்துத் தீர்த்தாலும் எழுத வேண்டும். போன வருஷம் மாமனாருக்கு ஆபரேஷன் என்று தங்கமணி இரண்டு மாசம் கும்பகோணத்தில் இருக்க வேண்டி வந்தபோது, நானும் பிள்ளைகளும் இங்கே தடுமாறாமல் ஓட்டினோம் என்றால் அந்த நோட்டுதான் காரணம். காயம், கடுகு வரை அதில் இருந்தது. என் சாம்பார் ருசியைப் பற்றி மட்டும் அதில் ஒன்றும் இல்லை.

3) கரையில் இருப்பவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லத்தான் இத்தனை நீட்டினேன். திருவனந்தபுரத்தில் இருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் தமிழ்நாட்டு எல்லை தாண்டியதும் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று எட்டு கடற்கரைக் கிராமங்கள் வரிசையாக வரும். ஆழ்கடல் சுறா மீன்பிடிக்குப் பேர் போனவர்கள். வாரக்கணக்கில் படகிலேயே வாழ்க்கை. ஐஸ், டீசல், அரிசி, தண்ணி என்று எல்லாம் அளந்து ஏற்றித்தான் கிளம்புவார்கள். ஐஸ் கரைவதற்குள் கரை திரும்ப வேண்டும். படகில் வாழும் தமிழர்கள் என்றால் அவர்கள்தான். சாகசத்துக்காகப் போகவில்லை, சோற்றுக்காகப் போகிறார்கள். 'கேட்டமரான்' என்று உலகமே சொல்கிற வார்த்தையைக் கொடுத்ததும் நம்ம கட்டுமரக்காரர்கள்தானே.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது அவர்களில் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே இருந்தவர்களை எட்டத் தொடர்பு வசதி இல்லை. இந்தக் கிராமங்களிலும், இந்தப் பக்கம் விழிஞ்ஞம், பூந்துறையிலும் போனவர்கள் ஏராளம். அதைவிடக் கொடுமை, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கணக்கே யாரிடமும் முழுதாக இல்லை. அரசு ஒரு எண் சொன்னது, ஊரும் கோயிலும் இன்னொரு எண் சொன்னது. உடல் கிடைக்காதவர்களின் குடும்பத்துக்கு அடுத்த அடி. காணாமல் போனவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டப்படி 7 வருஷம் காத்திருக்க வேண்டும். ஒக்கிக்கு அரசுகள் சிறப்பு ஏற்பாடு செய்து நிவாரணம் கொடுத்தன. எல்லாருக்கும் அப்படி ஏற்பாடு வருமா? அதன்பின் 2019இல் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' கருவி வந்தது. 2024இல் மீன்பிடிப் படகுகளுக்கு 1 லட்சம் டிரான்ஸ்பாண்டர் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நல்லது. ஆனால் கருவி ஒரு பாதிதான். யார் படகில் ஏறினார்கள் என்று கரையில் ஒரு சீட்டு இருப்பது மறுபாதி.

இன்னொரு சம்பவம். 2018 செப்டம்பரில் கேரளத்தின் அபிலாஷ் டோமி, தனியாக உலகம் சுற்றும் போட்டியில் தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி, பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அவசரப் பை படகில் இருந்தது, உள்ளே செயற்கைக்கோள் தொலைபேசியும் இருந்தது. ஆனால் அசைய முடியாதவருக்குப் பை எட்டவில்லை! மூன்று நாள் கழித்துப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. அவர் எப்பேர்ப்பட்ட மாலுமி என்பதில் சந்தேகமே வேண்டாம், அதே போட்டியில் மறுபடி கலந்துகொண்டு 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். எவ்வளவு தேர்ந்தவர் ஆனாலும், வைத்திருக்கும் பொருள் அவசரத்தில் கைக்கு எட்டுகிறதா என்பது தனிக் கேள்வி.

எங்க கவுண்டருக்கு இந்தக் கேள்வியோடுதான் பலர் வருகிறார்கள். வீட்டுக்காரர் போய்விட்டார், எந்த வங்கியில் என்ன இருக்கிறது தெரியாது, ஊரில் ஒரு கணக்கு, முந்தைய மாற்றல் ஊரில் ஒரு கணக்கு, நாமினி கல்யாணத்துக்கு முன்னால் போட்ட அம்மா பெயர். பணம் இருக்கிறது, எட்டவில்லை. 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும், 2023 முதல் 'உத்கம்' இணையதளத்தில் தேடவும் செய்யலாம். ஆனால் தேட வேண்டும் என்றே தெரியாதவர்கள்? 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம். ஊர் ஊராகக் கணக்குத் திறந்துவைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

"இப்படி எண்ணிக்கொண்டே இருந்தால் அது வாழ்க்கையா சார்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? படகில் தண்ணி அளந்து வைத்தவன்தான் ராத்திரி நிம்மதியாக நட்சத்திரம் பார்க்கிறான். அளக்காதவனுக்குத் தொட்டி சத்தம்தான் காதில் கேட்கும். எண்ணுவது கஞ்சத்தனம் இல்லை, எண்ணியதால்தான் மழை பிடித்த அன்று தாராளமாகக் குளிக்கவும் முடிகிறது.

அதனால் என் யோசனை இவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்காருங்க. ஒரு நோட்டு போடுங்க, சாமானில் இருந்து பாலிசி வரை. ஒரு வாரம் வேலையை மாற்றிக்கொள்ளுங்க, சமையலறைக்காரர் வங்கி வேலையும், வங்கிக்காரர் சமையலறையும். முக்கிய காகிதம், மருந்துச் சீட்டு, கொஞ்சம் ரொக்கம் எல்லாம் ஒரு பையில். பை பரணில் இல்லாமல், கடைசிப் பிள்ளைக்கும் எட்டுகிற இடத்தில். அதன் நகல் ஒன்று ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம். அவர்தான் நமக்குக் கரை.

நாமும் கரையை விட்டு வந்தவர்கள்தானே. உங்க வீட்டு நோட்டில் என்னென்ன உண்டு என்று தெரிந்தால் நானும் சேர்த்துக்கொள்வேன்.

டிஸ்கி: இதை எழுதி முடித்ததும் தங்கமணி வாசித்துவிட்டுச் சொன்னது: "எல்லாம் சரி, நோட்டுல துவரம்பருப்பு தீர்ந்துன்னு முந்தாநாளே எழுதியிருக்கேன்." சாலைக் கம்போளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.